திருமானூர் எந்த மாவட்டம்? கம்ப்யூட்டருக்கும் வரும் குழப்பம்!

கொள்ளிடக் கரையில் இருக்கும் திருமானூர் எங்கேயும் நகரவில்லை. மாவட்டம்தான் மாறிக்கிட்டே இருந்தது. 1995 வரை திருச்சி, பிறகு பெரம்பலூர், 2001-ல் அரியலூர், 2002-ல் மறுபடி பெரம்பலூர், 2007-ல் மீண்டும் அரியலூர்!

இந்த ஊர்க்காரர் ஒருவரின் முகவரியை 2005-ல் ஒரு பைத்தான் புரோகிராம் ஃபைலாகச் சேமித்தது என்று வைத்துக்கொள்வோம். ஆப்ஜெக்டை இப்படி பைட்டுகளாக்கி வைப்பதுதான் சீரியலைசேஷன். பைத்தானில் இதற்கான வசதியின் பெயர் 'பிக்கிள்'. ஆமாம், ஊறுகாயேதான்!

இன்று அந்த ஃபைலைத் திறந்தால் 'பெரம்பலூர்' என்றே வரும். எரர் எதுவும் காட்டாது, அதுதான் சிக்கல். சான்றிதழ் தப்பான மாவட்டத்தோடு அச்சாகி, கையில் வந்த பிறகுதான் தெரியும்.

என்ன செய்யலாம்? கிளாஸுக்குள் 'செட்ஸ்டேட்' மெத்தடை நாமே எழுதலாம். ஃபைலைத் திறக்கும்போது பைத்தான் அதைத்தான் கூப்பிடும். அங்கே மாவட்டத்தைத் திருத்திவிடலாம். ஆனால் 'பெரம்பலூர்' என்று இருப்பதையெல்லாம் மொத்தமாக மாற்றிடாதீங்க, பெரம்பலூர் நகரம் இன்னும் அதே மாவட்டத்தில்தான் இருக்கு! ஊர் பெயரைப் பார்த்துத்தான் மாற்றணும். சேமிக்கும்போதே பதிப்பு எண்ணையும் சேர்த்து வைக்க 'கெட்ஸ்டேட்' இருக்கு.

இன்னொன்று: யாரோ அனுப்பிய பிக்கிள் ஃபைலைத் திறக்காதீங்க. திறக்கும்போதே அதற்குள் ஒளிந்திருக்கும் கோட் ஓடிவிடலாம்.