துலாவும் கயிற்றிரதமும்

'புகையிரதம்' என்னும் சொல்லை எங்கள் நாட்டுத் தமிழர் இன்னும் விட்டபாடில்லை. நிலக்கரி போயிற்று, பிற நாடுகளில் மின்சாரமும் வந்தாயிற்று. புகை அற்றுப்போன பின்பும் பெயரிலே அது நின்று புகைந்துகொண்டிருக்கிறது. அந்தத் துணிவிலேதான் நானும் இக்கட்டுரைக்கென்று ஒரு சொல்லைக் கட்டிக்கொள்கிறேன். மலைச்சரிவிலே தண்டவாளம் இட்டு, இரண்டு பெட்டிகளை ஒரே கயிற்றின் இரு நுனியிலும் பிணைத்து, ஒன்று இறங்க மற்றது ஏறும்படி ஓட்டுகிறார்களே, அதற்குக் 'கயிற்றிரதம்' என்று பெயர் வைப்போம். மேனாட்டார் வழங்கும் 'பியூனிக்குலர்' என்ற பெயரும், சிறுகயிறு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. முதலில் 'வடவூர்தி' என்று ஆக்கி வகுப்பிலே சொல்லிப் பார்த்தேன். மாணவர் அதற்கு வடக்கே போகும் வண்டி என்று பொருள் கொண்டனர். "யாழ்ப்பாணத்துக்கும் வடக்கே எங்கே ஐயா போவது, காங்கேசன்துறைக்கோ?" என்று ஒருவன் கேட்டான். அச்சொல் அன்றோடு மறைந்தது.

கயிற்றிரதத்தில் நான் ஏறியது ஒரேயொரு நாள். 2016 ஆம் ஆண்டு, பாரிஸ் நகரில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் என்னை அழைப்பித்து, "ஐயா, எந்த ஊர் பார்க்க விருப்பம்?" என்று கேட்டார். உரோமாபுரியையோ இலண்டனையோ சொல்லுவேன் என்று அவர் எண்ணியிருந்தார் போலும். நான் லிஸ்பன் என்றேன். அவருக்கு வியப்பு. வியக்க என்ன இருக்கிறது? தமிழ் மொழி முதன்முதல் அச்சேறிய நகரம் அது. 1554 ஆம் ஆண்டிலே, உரோம எழுத்துகளை உடுத்துக்கொண்டு, நம் சொற்கள் அங்கேதான் அச்சுக் கண்டன. கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, அலவாங்கு என்று நம் வீட்டுப் புழக்கத்திலுள்ள பலவும் அவ்வூர் மொழியிலிருந்து வந்து குடியேறியவை. 1619 இல் யாழ்ப்பாண அரசை விழுங்கியவர்களும் அவர்களே. அந்தக் கணக்கு வேறு.

தேஜோ என்னும் ஆறு அத்திலாந்திக் கடலோடு கலக்கப்போகுமிடத்தில், வடகரைக் குன்றுகளின் மேலே இருக்கிறது லிஸ்பன். குன்றுகள் ஏழு என்பது மரபு. கால்களால் எண்ணிப் பார்த்தவர் ஏழோடு நிறுத்தமாட்டார். 1755 ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் நாள் நேர்ந்த பெரும் பூகம்பம் பள்ளத்திலிருந்த நகரை அழித்தது. அதன்பின் அப்பள்ளம் மட்டும் நேர்நேரான தெருக்களோடு புதிதாகக் கட்டப்பெற்றது. அதற்குப் பைஷா என்று பெயர். தாழ்ந்தது என்பது பொருள். மேலே இருப்பது பைரோ அல்த்தோ, அதாவது உயர்ந்த குறிச்சி. பெயரே பார்க்க: தாழ்ந்தது ஒன்று, உயர்ந்தது ஒன்று, இரண்டுக்கும் இடையே கல் பாவிய செங்குத்துச் சந்துகள். மேலே குடியிருந்து கீழே தொழில் செய்தவர் ஒவ்வொரு மாலையும் அந்தக் கல்லின் மேல் முழங்காலைத் தேய்த்தாகவேண்டும்.

இக்குறையைத் தீர்த்தவர் போர்த்தோ நகரிற் பிறந்த ராவுல் மெஸ்னியே து பொன்சார் என்ற பொறியியலாளர். 1884 இல் லவ்ரா, 1885 இல் குளோரியா, 1892 இல் பீக்கா என்று மூன்று கயிற்றிரதப் பாதைகளை அவர் லிஸ்பன் சரிவுகளில் அமைத்தார். 1902 இல் திறக்கப்பெற்ற, 45 மீற்றர் உயர்ந்த சாந்தா ஜூஸ்தா இரும்புத் தூக்கியும் அவர் கைவேலையே. அவ்வூர் மக்கள் கயிற்றிரதத்தையும் 'எலவதோர்' என்றே சொல்லுவர். உயர்த்துவது என்று பொருள். அவர்களுக்கு அது பயணமன்று. படியேறாமல் வீட்டுக்குப் போகும் வழி, அவ்வளவே.

இதன் இயக்கத்தைத் துலாக் கிணறு கண்டவருக்கு விளக்க வேண்டியதில்லை. காணாத இளையவருக்காகச் சொல்லுகிறேன். ஆடுகாலின் மேலே நீண்ட மரம் ஒன்று, அதுவே துலா. ஒரு நுனியிலே தொங்குவது துலாக்கொடி. அதன் முனையிலே பட்டை. துலாவின் மேலே ஏறி நிற்பவர் முன்னே நடந்தால் பட்டை கிணற்றுக்குள் இறங்கும்; பின்னே நடந்தால் நீரோடு மேலெழும். மனிதனின் நிறை தண்ணீரைத் தூக்குகிறது. மெஸ்னியே இதனைத் தலைகீழாக்கினார். மேலே நிற்கும் பெட்டியின் அடித்தொட்டியிலே தண்ணீரை நிரப்புவர். நிறை கூடிய பெட்டி இறங்கும். இறங்குகையில் கயிற்றின் மறுநுனியிலுள்ள பெட்டியை மனிதரோடு மேலே இழுக்கும். கீழே வந்ததும் தண்ணீரைத் திறந்துவிடுவர். இங்கே தண்ணீர் மனிதனைத் தூக்கியது. அந்நாட்டின் வடபாகத்தில், பிராகா நகருக்கு அண்மையிலுள்ள போன் ஜெசுஸ் குன்றிலே, 1882 இல் தொடங்கிய கயிற்றிரதம் இன்றும் தண்ணீரின் நிறையாலேயே ஓடுகின்றது. லிஸ்பனிலோ தண்ணீருக்குப் பின் நீராவியும், நீராவிக்குப் பின் 1915 ஆம் ஆண்டளவில் மின்சாரமும் வந்தன. மின்பொறிகளைப் பெட்டிகளிலேயே பொருத்தினர். ஆயினும் கயிறு போகவில்லை. தெருவின் நடுவே ஓடும் ஒரு பிளவுக்குக் கீழே, கண்ணுக்குப் புலப்படாமல், உச்சியிலுள்ள கப்பியைச் சுற்றிக்கொண்டு, இரண்டு பெட்டிகளையும் அதுவே சமன்செய்து நின்றது. இலக்கணத்திலே தோன்றா எழுவாய் என்கிறோமே, அதுதான். தோன்றாது, ஆனால் வினை முழுவதும் அதனுடையது.

நாங்கள் ஏறியது குளோரியாவில். ரெஸ்தவுரதோரஸ் சதுக்கத்தின் ஓரத்திலே மஞ்சட் பெட்டி காத்து நின்றது. சரிவிலே நின்றாலும் பெட்டியின் தளம் மட்டமாக இருந்தது. கீழ்ச்சட்டத்தை ஆப்பு வடிவிலே செய்து, சரிவை அதற்குள் அடக்கிவிட்டார்கள். உள்ளே இருபுறமும் நீள வாங்குகள். வாங்கு என்பதும் அவ்வூர்ச் சொல்லே என்று மாணவரிடம் சொன்னேன், அவர் சிரித்தார். எதிர்வாங்கிலே, கடைக்குப் போய் வந்த கிழவி ஒருத்தி பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். மற்றவர் யாவரும் எங்களைப் போல வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஏறத்தாழ 270 மீற்றர் தூரம். நூற்றுக்குப் பதினெட்டு என்னும் அளவில் ஏற்றம். பாதி வழியிலே மற்றப் பெட்டி எங்களைக் கடந்து இறங்கியது. நாங்கள் ஏறுவதற்காக அவர்கள் இறங்குகிறார்கள் என்று நினைத்தேன்; அதே கணத்தில் அங்கிருந்தவர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

பெட்டியின் முகப்பிலே சீருடை அணிந்த ஒருவர் நின்றார். அவர் பதவியின் பெயரைச் சுவரிலிருந்த அறிவித்தலில் மாணவர் வாசித்துக் காட்டினார்: 'குவார்தா பிரெய்யோ'. பிறேக்கைக் காப்பவர் என்பது சொல்லுக்குச் சொல் பொருள். ஓட்டுநர், சாரதி என்று சொல்லவில்லை. ஓட்டும் வேலையைச் சரிவும் கயிறும் பார்த்துக்கொள்ளும், நிறுத்துவதே மனிதன் வேலை என்று அக்காலத்தவர் எண்ணினார்கள் போலும். பதவிக்கு எத்தனையோ பெயர் கேட்டிருக்கிறேன். இதைப்போலக் கடமையைத் தன்னுள்ளே வைத்திருக்கும் பெயர் சிலவே.

நகரின் மற்ற இரதங்களையும் சொல்லாமல் விடலாகாது. கொழும்பிலே 1960 இல் மறைந்த திராம் வண்டி, லிஸ்பனில் 1901 முதல் மின்சாரத்தால் ஓடிவருகிறது. நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேற்பட்ட ஏற்றங்களிலும், கயிறோ பற்சக்கரமோ இன்றி, சில்லின் பிடிப்பொன்றையே நம்பி அது ஏறும். றோசியோ புகையிரத நிலையத்தில் வாசல் தெருவோடு இருக்க, மேடை ஏறத்தாழ 30 மீற்றர் உயரே இருக்கிறது. குன்றைக் குடைந்து வரும் வண்டி நான்காம் மாடியிலே வந்து நிற்பது போன்ற தோற்றம். நிலக்கீழ்ப் பாதை 1959 டிசம்பரில் திறக்கப்பெற்றபோது, அதன் தென்முனை ரெஸ்தவுரதோரஸ், அதாவது குளோரியாவின் அடிவாரம். புறநகரிலிருந்து நிலத்தின் கீழே வந்தவர், மேலே வந்து, கயிற்றிரதத்தில் உயர்ந்த குறிச்சிக்கு ஏறினார். 1998 இல் திறந்த பைஷா-ஷியாதோ நிலையமோ இந்த ஏற்றத்தையும் தானே எடுத்துக்கொண்டது. 45 மீற்றர் ஆழத்திலிருந்து நகரும் படிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலெழுகின்றன. ஒரு வாசல் பள்ளத்திலே, மற்றது குன்றின் மேலே. மேல் வாசலிலே புலவர் பெசோவாவின் வெண்கலச் சிலை கோப்பிக் கடைக் கதிரையொன்றில் அமர்ந்திருக்கிறது. அப்பாலுள்ள சதுக்கத்திலே, தம் காவியத்தின் முதற் செய்யுளிலேயே தப்பிரபேன் என்று இலங்கையைக் குறித்த கமோயிஸ் நிற்கிறார். இப்படி நிலக்கீழ்ப் பாதை வேலையை எடுத்துக்கொள்ள எடுத்துக்கொள்ள, கயிற்றிரதம் காட்சிப் பொருளாயிற்று. 2002 இல் மூன்றும் தேசியச் சின்னங்களாயின. ஆனால் அந்தக் கிழவி போன்றார் அதிலே ஏறுவதை நிறுத்தவில்லை.

2025 செப்ரெம்பர் 3 ஆம் நாள் மாலை ஆறு மணிக்குச் சற்றுப் பின்னர், குளோரியாவின் இரு பெட்டிகளும் புறப்பட்டு ஏறத்தாழ ஆறு மீற்றர் நகர்ந்தன. அப்போது கயிறு அற்றது. கீழ்ப் பெட்டி பத்து மீற்றரளவு பின்னே சரிந்து நின்றது. மேற்பெட்டி சரிவிலே பாய்ந்தது. பிறேக் காவலர் காற்றுப் பிறேக்கையும் கைப்பிறேக்கையும் இட்டார், பெட்டி நிற்கவில்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் அளவு வேகத்திலே வளைவில் தடம்புரண்டு ஒரு கட்டடத்தில் மோதிற்று. தொடக்கம் முதல் முடிவு வரை ஐம்பது விநாடியும் ஆகவில்லை. 16 பேர் இறந்தனர். ஏறத்தாழ இருபதின்மர் காயமுற்றனர். இறந்தவருள் பதினொருவர் பிறநாட்டார். ஐவர் அந்நாட்டவர், பிறேக் காவலர் அவர்களுள் ஒருவர்.

செய்தியைக் கைபேசியிலே காட்டியவர் அந்த மாணவரே. அவர் பாரிசிலிருந்து பேசினார். இருவருக்கும் சொல் வரவில்லை. அன்று எதிர்வாங்கில் இருந்த கிழவியின் முகமே எனக்குத் தோன்றிற்று. பிறகு அரசின் விபத்து விசாரணை அலுவலகம் வெளியிட்டவற்றை அவர் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லக் கேட்டேன். விபத்து நாட்காலையிலேயே கயிற்றையும் பிறேக்குகளையும் கண்ணாற் பார்த்துச் சோதித்திருக்கிறார்கள், குறையொன்றும் காணவில்லை. 600 நாள் உழைக்கும் என்று மதித்த கயிறு, 337 நாளே உழைத்திருந்தது. அது அற்றது நடுவிலே அன்று. பெட்டியோடு பிணைக்கப்பட்டிருந்த இடத்திலே. பிணைப்பைக் கழற்றினாலன்றி அவ்விடம் கண்ணுக்குத் தெரியாது. அவ்வகைக் கயிறு மனிதரை ஏற்றும் ஊர்திகளுக்கென்று சான்று பெற்றதன்று என்பது ஒக்ரோபர் மாத அறிக்கையால் வெளியாயிற்று. எல்லாவற்றினும் என்னை வருத்தியது வேறொன்று. கயிற்றின் சமநிலை இல்லாதபோது பெட்டியை நிறுத்தும் வலு அந்தப் பிறேக்குகளுக்கு இருக்கவில்லையாம். அப்படியானால் பிறேக்கைக் காத்தவர் எதைக் காத்தார்? ஒன்றை ஒன்று தாங்கும் அந்த ஏற்பாடு அத்தனை அழகானது. அழகு நூற்று நாற்பது ஆண்டு பிழையாதிருந்தமையால், அது பிழைத்தால் என்ன செய்வது என்ற கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் கேளாமலே இருந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். தலைமுறை தலைமுறையாகப் பதவிப் பெயரை மாற்றாது வைத்திருந்தவர்கள், அப்பெயருக்கு உரிய வலுவைக் கருவிக்குக் கொடுத்திருக்கலாம்.

என் பாட்டனார் தோட்டக்காரர். எழுத்து வாசனை குறைவு. அவர் துலாவில் ஏறுமுன் துலாக்கொடியைப் பார்க்கமாட்டார், தடவுவார். விடியற்புறத்து இருளிலே பார்த்துத்தான் என்ன தெரியும்? கொடி முழுவதையும் கைக்குள்ளே ஓடவிட்டு, முடிச்சு வந்ததும் நின்றுவிடுவார். முடிச்சை அவிழ்ப்பார். அவிழ்த்த நுனியை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்ப்பார். ஈரம் தங்குவது முடிச்சுக்குள்ளே. உக்கலும் அங்கேதான் தொடங்கும். மணம் பிடிக்காவிட்டால் ஒரு சாண் அறுத்தெறிந்துவிட்டு மறுபடி முடிவார். "நல்ல கயிற்றை ஏன் அப்பு அறுக்கிறீர்கள்?" என்று சிறுவனாயிருந்தபோது கேட்டேன். "மேலே நிற்கிறவன் உன் கொப்பன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பின்பு தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வந்தது, துலா விறகாயிற்று.

சென்ற தவணையிலே துலா என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லவேண்டி வந்தது. வகுப்பிலிருந்த இருபத்தாறு பேரில் துலாவைக் கண்டவன் ஒருவனும் இல்லை. கரும்பலகையிலே ஆடுகால், துலா, கொடி, பட்டை என்று வரைந்தேன். பக்கத்திலே ஒரு சரிவையும், இரண்டு பெட்டிகளையும், உச்சியிலே ஒரு கப்பியையும் வரைந்தேன். இரண்டும் ஒன்றே என்று விளக்கி முடித்தபோது, வடவூர்திக்குக் காங்கேசன்துறை காட்டிய அதே பையன் எழுந்தான்.

"ஐயா, முடிச்சை எங்கேயும் கீறவில்லையே!"

உண்மைதான். வெண்கட்டியை எடுத்து, இரண்டு படத்திலும் அந்த இடத்தைத் தடிப்பாகக் கீறினேன்.