உஷார்! தீபாவளி வசூல் ‘நம்பர் ஒன்’ ஃபண்டுக்குப் போகிறதா?

வடக்கே அனுப்பிய பட்டாசுக்கான பாக்கி தீபாவளி முடிந்துதான் சிவகாசிக்கு வந்து சேரும். கையில் மொத்தமாகப் பணம் புரளும் அந்த நேரம் பார்த்து, ‘ஒரே வருஷத்தில் 50 சதவீதம் கொடுத்த டாப் 10 ஃபண்டுகள்’ என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் வரும். அதை நம்பிப் பணத்தைக் கொட்டிவிடாதீர்கள்!

2017-ல் சிறு நிறுவனப் பங்குகளின் நிஃப்டி ஸ்மால்கேப் 100 குறியீடு சுமார் 57 சதவீதம் ஏறியது. பட்டியலெங்கும் ஸ்மால்கேப் ஃபண்டுகள்தான். அந்தத் தீபாவளி வசூலை அதில் போட்டவர்கள் கதி? 2018 ஜனவரியில் உச்சம். அந்த ஆண்டை மொத்தமாகக் கணக்கிட்டால் குறியீட்டில் சுமார் 29 சதவீதம் காலி. 2024 தீபாவளிக்குப் பிறகும் இதே கதைதான்: டிசம்பர் உச்சத்திலிருந்து 2025 பிப்ரவரிக்குள் கால் பங்கு கரைந்தது. பிறகு சந்தை மீண்டது உண்மை. பயந்து பாதியில் விற்றவர்களுக்கு அதனால் என்ன பயன்?

ஃபண்ட் லாபம் காட்டும்போதே முதலீட்டாளர்கள் நஷ்டப்பட முடியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஃபண்டில் 10 லட்சம் இருக்கிறது. முதல் வருஷம் 50 சதவீதம் ஏறி 15 லட்சமாகிறது. அதைப் பார்த்து 90 லட்சம் புதிதாக வருகிறது. அடுத்த வருஷம் 30 சதவீதம் இறக்கம். 105 லட்சம், 73.5 லட்சமாகிவிடுகிறது. இரண்டு வருஷத்தில் ஃபண்ட் 5 சதவீதம் லாபம் என்றுதான் விளம்பரம் சொல்லும். போட்ட 100 லட்சத்தில் 26.5 லட்சம் போனது அதில் வராது!

விருதுநகர் வியாபாரி யாரும் வத்தல் விலை உச்சத்தில் நிற்கும்போது குடோனை நிரப்ப மாட்டார். ஃபண்டில் மட்டும் ஏன் அந்தப் புத்தி வேலை செய்வதில்லை?

வருஷா வருஷம் ஃபண்ட் மாற்றுவதும் ஆபத்து. ஓராண்டுக்குள் வெளியேறினால் பல ஃபண்டுகளில் 1 சதவீதம் பிடிப்பார்கள். லாபத்துக்கு 20 சதவீதம் வரி வேறு.

ஏஜென்ட் பட்டியலை நீட்டினால், “2018-ல் இது எவ்வளவு இறங்கியது?” என்று முதலில் கேளுங்கள். அடுத்த சீசனுக்கு அலுமினியப் பவுடர் வாங்கவும், ஆட்களுக்கு அட்வான்ஸ் கொடுக்கவும் வைத்திருக்கும் பணத்தைத் தயவுசெய்து எந்தப் பங்கு ஃபண்டிலும் போடாதீர்கள். சில மாதங்களில் திரும்ப எடுத்தே ஆகவேண்டிய பணம் அது.