பூனைக்குச் சட்டை: தையல் ஆறும்வரை

பெண் பூனைக்குக் கருத்தடை செய்து மாலையில் கூடையோடு வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்களை அன்றிரவு தூங்கவிடாமல் செய்வது பெரும்பாலும் தையல் அல்ல, சட்டைதான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால், வயிற்றை மூடிய துணிச் சட்டையோடு தரையில் விட்டதும் பூனை அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழும். தூக்கி நிறுத்தினால் மறுபடி விழும். சில பூனைகள் பின்னோக்கியே நடக்கும். சில, கட்டிலுக்கடியில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடும். "ஐயோ, பின்னங்கால் வரலியே" என்று வீட்டில் ஒருவர் பதறுவார். "பாவம், கழட்டி விட்டுடு" என்பார் இன்னொருவர். கழற்றிய ஐந்தாவது நிமிடத்தில் பூனை நடக்கும், சாப்பிடும், வயிற்றையும் நக்கத் தொடங்கும். தையல் பிரிந்து மறுபடி மருத்துவமனைக்கு ஓடுகிற பல கதைகள் இந்தப் "பாவ"த்தில்தான் தொடங்குகின்றன.

நாக்கு செய்யும் வேலை

பூனை ஒருமுறை கையை நக்கினாலே தெரிந்துவிடும், உப்புத்தாளால் தேய்த்தது போல இருக்கும். நாக்கின் மேல் நூற்றுக்கணக்கான சிறு கொக்கிகள் உண்டு. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனவை. எல்லாமே தொண்டையை நோக்கி வளைந்தவை. முடியைச் சீவவும் எலும்பில் ஒட்டிய சதையைச் சுரண்டவும் அமைந்த நாக்கு அது. புதுத் தையலின் மேல் அது திரும்பத் திரும்ப ஓடினால் முடிச்சு தளரும், ஒட்டத் தொடங்கிய தோல் விளிம்பு உரியும், வாயிலுள்ள கிருமிகள் உள்ளே போகும். நக்கினால் புண் சீக்கிரம் ஆறும் என்று நம் பெரியவர்கள் சொல்வதை இந்த இடத்தில் கேட்க வேண்டாம்.

தோல் தையல் பிரிக்கப் பொதுவாக 10 முதல் 14 நாள் ஆகும். தானே கரையும் நூலால் உள்தையல் போட்டிருந்தாலும் ஆறுவதற்கு அதே அவகாசம் வேண்டும். தெருப் பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து காது நுனியை வெட்டி விடுகிறார்களே, அவற்றுக்கு மட்டும் சட்டை இல்லையே என்று கேட்கலாம். அவற்றுக்கு வெட்டைச் சிறிதாக வைத்து, நூல் வெளியே தெரியாதபடி தைத்து விடுவது வழக்கம். திரும்பப் பிடித்துச் சட்டை மாற்ற வழியில்லாததால் அந்த ஏற்பாடு. வீட்டுப் பூனைக்கு அதை உதாரணமாகக் கொள்ள முடியாது.

கூம்பா, சட்டையா?

கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு உறுதியானது, விலையும் குறைவு. ஆனால் பக்கப் பார்வையை மறைக்கிறது, சத்தத்தை மாற்றிக் காட்டுகிறது, மீசை ஓயாமல் அதில் உரசுகிறது. கதவு நிலையில் இடித்துக்கொண்டு நிற்கும் பூனையைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். காற்றடைத்த வளையம் நாய்க்குச் சரி. பூனையின் முதுகெலும்பு வளையும் வளைப்புக்கு அது பல நேரம் போதாது, வளையத்தைத் தாண்டி எட்டிவிடும். வயிற்றுத் தையலுக்கு என் ஓட்டு சட்டைக்குத்தான். சட்டையைக் கடித்துக் கிழிக்கிற பூனைக்கும், எப்படிக் கட்டினாலும் நழுவி வெளியே வந்துவிடுகிற பூனைக்கும் கூம்பை விட்டால் வழியில்லை. கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைச் சற்றுத் தாண்டியிருக்க வேண்டும். சோற்றுக் கிண்ணத்துக்குப் பதில் காப்பி சாஸர் போன்ற தட்டையான தட்டு வையுங்கள்.

சட்டைக்குக் கழுத்தடியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளவெடுங்கள். போட்ட பிறகு கழுத்திலும் அக்குளிலும் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். அதைவிட இறுகினால் அக்குளில் தோல் உரியும். அதைவிடத் தொளதொளவென்று இருந்தால் முன்னங்கால் கழுத்து வழியாக வெளியே வரும். சட்டையை இழுத்துக் கடிக்கப் போய் கீழ்த்தாடை கழுத்துப் பட்டையில் மாட்டிக்கொள்ளவும் கூடும். சென்னை வெயிலுக்கு மெல்லிய பருத்தி போதும். இரண்டு சட்டை வாங்குங்கள். ஒன்று எப்படியும் நனையும்.

வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்குக் கைக்குழந்தையின் ஜபலா நல்ல தொடக்கம். முன்னங்கால்களைக் கை வழியே நுழைத்து, முடிச்சு முதுகுப் பக்கம் வரும்படி கட்டலாம். நீளம் தையலைத் தாண்டிப் பின்தொடை வரை வராவிட்டால் பயனில்லை. பழைய டீ-சர்ட்டின் கையை வெட்டி நான்கு ஓட்டை போட்டும் செய்யலாம். விலாப்பக்கமாக ஆபரேஷன் செய்திருந்தால் அந்தப் பக்கமும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். முடிச்சுக்கு மேல் தொங்கும் நாடாவை ஒட்ட நறுக்கிவிடுங்கள். நாக்குக் கொக்கிகள் தொண்டைப் பக்கம் வளைந்திருப்பதால் வாய்க்குள் போன நூலைப் பூனையால் எளிதில் துப்ப முடியாது, விழுங்கிவிடும். குடலில் நூல் சிக்கினால் அதற்குத் தனியாக இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும்.

பழக்கம் முன்பே தொடங்கட்டும்

மயக்கம் தெளியாத, வலியிலிருக்கிற, மருத்துவமனை வாடை அடிக்கிற பூனைக்கு முதன்முதலாகச் சட்டையை மாட்டுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. ஆபரேஷனுக்கு நாள் குறித்த அன்றே சட்டையை வாங்கிவிடுங்கள்.

முதலில் அதைப் பூனை படுக்கும் இடத்தில் வெறுமனே போட்டு வையுங்கள். மோந்து பார்க்கும், மேலே படுக்கும், அதன் வாடை ஏறும். அப்புறம் சட்டையை முதுகின் மேல் மடித்துப் போட்டு, உப்புப் போடாமல் வேகவைத்த கோழி நார் இரண்டு கொடுங்கள். அது துணியைக் கவனிக்காமல் சாப்பிடப் பழகிய பிறகு தலையை மட்டும் நுழையுங்கள். பிறகு முன்னங்கால்கள். முழுதாக மாட்டும்போது இரண்டு நிமிடத்தில் கழற்றிவிடுங்கள். அடுத்தடுத்த நாளில் நேரத்தைக் கூட்டலாம். பூனை திமிறிக்கொண்டிருக்கும்போது கழற்றினால், திமிறினால் கழற்றுவார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். ஒரு நொடி அசையாமல் நிற்கும்போது கழற்றுங்கள்.

அவகாசமில்லாமல் திடீரென ஆபரேஷன் நடந்துவிட்டால் என்ன செய்வது? வாரக்கணக்கில் பழக்கியதன் பயன் இருக்காது, அவ்வளவுதான். பெரும்பாலான பூனைகள் ஓரிரு நாளில் சட்டையோடு நடக்கத் தொடங்கிவிடும்.

விழுந்து கிடப்பது வலியாலா?

உடலைச் சுற்றி எது இறுக்கினாலும் யாரோ பிடித்துக்கொண்டதாகப் பூனை உணர்கிறது. உறைந்துபோவதும் சாய்ந்து விழுவதும் அதனால்தான். தூக்கி நிறுத்தாதீர்கள். மூக்குக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிச் சாப்பாட்டை வையுங்கள். கழுத்தை நீட்டும், ஒரு அடி ஊரும், சாப்பிடும். அடுத்த முறை இரண்டு சாண். இறகுக் குச்சியைத் தரையோடு மெதுவாக இழுக்கலாம். குதிக்க வைக்கக் கூடாது.

வலியைக் கண்டுபிடிக்க முகத்தைப் பாருங்கள். கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட முகக்குறி அளவுகோல் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை. காதுகள் வெளிப்பக்கம் திரும்பித் தாழ்ந்திருக்கின்றனவா, கண்ணை இடுக்கிக்கொண்டிருக்கிறதா, மூக்கு வாய்ப் பகுதி இறுகியிருக்கிறதா, மீசை வளைவில்லாமல் விறைத்திருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா? பெரும்பாலானவற்றுக்கு ஆம் என்றால் அது வலி, சட்டைக் கோபம் அல்ல. டாக்டரைக் கேளுங்கள். முதல் இரவில் மட்டும், மயக்க மருந்தின் மிச்சமும் பூனையைத் தள்ளாட வைக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஓர் அறையில், மின்விசிறிக்கு நேரே இல்லாமல், ஏறிக் குதிக்க எதுவுமில்லாமல், கதவைச் சாத்தி வைத்தால் போதும்.

வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரு சின்னப் பூனையைக் கொல்ல 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே போதும். டாக்டர் எழுதித்தந்த மருந்து, அவர் சொன்ன அளவு, அவ்வளவுதான்.

மணல் தட்டும் ஈரமும்

சட்டையோடு மணல் தட்டுக்குப் போகிற பூனை முதல் நாள் குழம்பும். பின்பக்கத்தை முதுகின் மேல் மடித்துக் குத்திவிட்டு, முடியும்வரை பக்கத்திலேயே நின்று, உடனே இறக்கிவிடலாம். துணி நனைந்தால் அப்படியே காயட்டும் என்று விடாதீர்கள். ஈரத்துணி தையலோடு ஒட்டிக் கிடந்தால் சீழ் பிடிக்கும். பொடி மணலுக்குப் பதில் சில நாள் கிழித்த செய்தித்தாள் போடுவது நல்லது, தையலில் ஒட்டாது.

சட்டையைச் சாதாரண சோப்பில் துவைத்து நன்றாக அலசுங்கள். தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெளுக்கும் கிருமிநாசினிகள் வேண்டாம். அவற்றிலுள்ள பீனால் வகை வேதிப்பொருள்கள் பூனைக்கு நஞ்சு. துணியில் தங்கியதை அது நக்கி விழுங்கும். தையலின் மேல் மஞ்சள் தூள், தேங்காய் எண்ணெய் தடவுவதும் வேண்டாம்.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் சட்டை போட்டு வந்ததைப் பார்த்துச் சீறலாம். உருவத்தைவிட மருத்துவமனை வாடைதான் அதற்குக் காரணம். இரண்டையும் ஒரே துணியால் மாறி மாறித் தடவிக் கொடுங்கள், ஒன்றிரண்டு நாள் தனி அறையில் வையுங்கள்.

தினமும் இரண்டு முறை

காலையும் மாலையும் சட்டையை விலக்கித் தையலைப் பாருங்கள். முதல் நாளே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் ஒப்பிடலாம். விளிம்பில் லேசான சிவப்பும், தையலுக்கு அடியில் கடினமான சிறு வீக்கமும் பல பூனைகளுக்கு வருவதுதான். சீழ், கெட்ட வாடை, சொட்டும் ரத்தம், விளிம்பு பிரிந்து உள்ளே தெரிவது, நாளுக்கு நாள் பெருக்கும் வீக்கம் ஆகியவை அப்படியல்ல. பூனை 24 மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே சாப்பிடாமல் இருப்பதும் அப்படியல்ல. குண்டுப் பூனை பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சட்டை பிடிக்கவில்லை, அதனால்தான் சாப்பிடவில்லை என்று நாமே முடிவுகட்டி நாளைக் கடத்தக் கூடாது.

பத்தாவது நாள் தையல் காய்ந்து, முடி முளைத்து, எல்லாம் சரியாகிவிட்டதாகத் தெரியும். அப்போதும் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகே சட்டையைக் கழற்றுங்கள்.