விசிறி ஏன் சுழலவில்லை?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். சென்ற மே மாதம் ஒரு மாலை, பெருங்களத்தூர் நெரிசலில் வண்டியின் வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வண்டியை ஓரங்கட்டி, ஒரு மணி நேரம் ஆறவைத்த பிறகே முடிச்சூர் வந்து சேர்ந்தார். மறுநாள் பட்டறையில், "ஃபேன் மோட்டார் போயிடுச்சு, புதுசு போட நாலாயிரம் ஆகும்" என்றார்கள். எங்கள் வீட்டில் நாலாயிரம் எளிதில் புரட்டக்கூடிய தொகையன்று. ஆகவே, மோட்டார் உண்மையிலேயே போய்விட்டதா என்று நாங்களே பார்த்துவிடத் துணிந்தோம்.

முதலில் விசிறியின் வேலையைக் காண்போம். எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. மீதியில் ஒரு பகுதி புகையோடு போய்விடும். மற்றொரு பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏந்திவந்து ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. வண்டி விரைந்து ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நெரிசலில் நிற்கும்போதுதான் விசிறி வேண்டும். ஆதலால், ஓடும்போது ஒழுங்காக இருந்த முள் சிக்னலில் நின்றதும் ஏறினால், விசிறியின் மீதே முதலில் ஐயம் கொள்ளவேண்டும். ஓட்டத்திலும் ஏறினால் தண்ணீர்க் குறைவு, தெர்மோஸ்டாட், பம்பு என்று வேறு பக்கம் தேடவேண்டும்.

அம்பாசிடரிலும், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் விசிறியை எஞ்சினே பெல்ட்டால் சுழற்றியது. 1983-இல் வந்த மாருதி 800-இல் எஞ்சின் குறுக்காக அமைந்ததால் அந்த வசதி இல்லை, மின்மோட்டார் வந்தது. பெல்ட் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். மின்சாரம் அறுந்தால் தெரியாது. தொல்லை அங்கேதான்!

மின்சுற்று எளியதே. பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஃபியூஸ், ரிலே, மோட்டார் வழியாகச் சென்று, வண்டியின் உடற்பகுதியில் முடுக்கிய 'எர்த்' போல்ட் மூலம் எதிர்முனைக்குத் திரும்புகிறது. நீரின் வெப்பத்தை உணர்வி சொல்ல, கணினிப்பெட்டி ரிலேயை இழுக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் ஏ.சி. போட்டாலும் விசிறி சுழலும். சோதிப்பவனுக்கு இது பெரிய உதவி. எஞ்சின் கொதிக்கும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

ஏ.சி. போட்டோம். ரிலே 'டிக்' என்றது, விசிறி அசையவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ரிலே ஒலித்தாலும் உள்ளே முனை கருகியிருக்கலாம் என்பதால், அதே வகையான ஹாரன் ரிலேயை மாற்றிப் பார்த்தோம். பயனில்லை. எஞ்சினை நிறுத்தி மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, மீண்டும் ஓடவிட்டு, அதன் இரு முனைகளில் மீட்டரை வைத்தேன். 12 வோல்ட்டுக்குக் குறையவில்லை. மின்சாரம் வருகிறது, மோட்டார் சுழலவில்லை. எனவே மோட்டார்தான் போயிற்று என்று நானும் பட்டறைக்காரர் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

அப்பா ஒப்பவில்லை. "மீட்டரு என்ன வேணாலும் காட்டும்டா. பல்பு எரிஞ்சாத்தான் கரண்டு" என்று சொல்லி, இரண்டு வயர் பிடித்த பழைய பிரேக் லைட் பல்பை அதே முனைகளில் வைத்தார். பளிச்சென்று எரியவேண்டிய பல்பு சிவந்து மினுங்கியது.

வகுப்பில் படித்த ஓம் விதி அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீட்டரின் உள்தடை ஏறக்குறைய 1 கோடி ஓம். வழியில் 7 ஓம் தடை இருந்தாலும் அதற்கு ஒரு பொருட்டில்லை. முழு வோல்ட்டையும் காட்டும். 21 வாட் பல்பின் தடையோ எரியும்போது 7 ஓம்தான்; ஆகவே வோல்ட்டில் பாதி வழியிலேயே போய்விடும். நின்றுகொண்டிருக்கும் மோட்டாரின் தடை 1 ஓமுக்கும் குறைவு. அதற்கு என்ன மிஞ்சும்?

மோட்டாரைத் தனியே பேட்டரியில் தொடுத்தோம்; சுழன்றது! பிறகு இணைப்பை மாட்டி, ஏ.சி. போட்ட நிலையில், மோட்டாரின் கறுப்பு வயருக்கும் பேட்டரி எதிர்முனைக்கும் இடையே அளந்தேன். அரை வோல்ட்டுக்குள் இருக்கவேண்டிய இடத்தில் 11 வோல்ட் காட்டியது. குற்றவாளி மோட்டார் அன்று; திரும்பும் பாதை.

ஹெட்லைட்டுக்குப் பின்னால் மறைந்திருந்த எர்த் போல்ட்டைக் கழற்றினோம். துரு ஒரு பக்கம், செம்பின் பச்சைக் களிம்பு ஒரு பக்கம். அதைப் பார்த்ததும் 2015 டிசம்பர் நினைவுக்கு வந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்ட, அடையாறு பெருகி முடிச்சூர் தெருக்களில் புகுந்தபோது, எனக்குப் பத்து வயது. இந்த வண்டி கூரை மட்டும் தெரிய நின்றது. பிறகு எஞ்சினையும் இருக்கைகளையும் சீர்செய்தோம். ஒரு போல்ட்டை யார் நினைத்தார்கள்? அந்த நீர் அன்று தொடங்கிய அரிப்பு இத்தனை ஆண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது.

உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் தடவி முடுக்கினோம். அரை மணி வேலை. விசிறி ஏ.சி. போட்டவுடன் சுழன்றது.

செய்து பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர் முகத்தில் சீறும். எஞ்சின் நின்றிருந்தாலும் சில வண்டிகளில் விசிறி திடீரெனச் சுழலும். இறக்கைகளிடையே கை விடவேண்டாம்.

எங்கள் தெருவில் அந்த வெள்ளத்தில் மூழ்கி மீண்ட கார்கள் இன்னும் மூன்று ஓடுகின்றன. ஒன்றின் ஹெட்லைட் ஒரு பக்கம் மங்கலாகவே எரிகிறது. வரும் ஞாயிறன்று அதே பல்புடன் அப்பாவும் நானும் அங்கே போவதாக இருக்கிறோம்.