பால் வேண்டாம், நெய் வேண்டாம், மோரும் வேண்டாம்... மயிலாப்பூரில் வயிறு நிறையுமா?

போன தடவை இந்தப் பலகையில் சந்திர கிரகணம் பற்றிப் படித்தீர்கள். இந்தத் தடவை வானத்திலிருந்து இறங்கி வாழை இலைக்கு வருவோம்.

எங்கள் வகுப்பில் இரண்டு பேர் பால் சம்பந்தப்பட்ட எதையும் தொடமாட்டார்கள். ஒருவனுக்குப் பால் அலர்ஜி, சின்ன வயதிலிருந்தே. இன்னொருத்தி தானாகவே யோசித்து நிறுத்தியவள். பால், தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. அவளைப் போன்றவர்களைத்தான் "வீகன்" என்கிறார்கள். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவர் நண்பர்களும் உண்டாக்கிய சொல் அது. வெஜிடேரியன் என்ற ஆங்கில வார்த்தையின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் எடுத்து ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்!

"நம்ம மயிலாப்பூர்ல, அடையார்ல இல்லாத சைவ சாப்பாடா? இதுல என்ன கஷ்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். கஷ்டமே அந்த "சைவம்" என்ற வார்த்தையில்தான் இருக்கிறது. நம் ஊரில் சைவம் என்றால் முட்டை, மீன், கறி இல்லை என்று அர்த்தம். பால் உண்டு, தயிர் உண்டு, நெய் தாராளமாக உண்டு. ஹோட்டலில் போய் "வீகன்" என்று சொன்னால் சர்வர் அண்ணா காதில் அது "வெஜ்" என்றுதான் விழும். "எல்லாமே வெஜ் தான் தம்பி, தைரியமா சாப்பிடு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. நாம்தான் வேறு பாஷை பேசுகிறோம்.

போன டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். கச்சேரி கேட்டுவிட்டு ஒரு ஹோட்டலுக்குப் போனோம் (பெயர் வேண்டாம்). நண்பன் கேட்டுவிட்டுத்தான் ரசம் ஊற்றிக்கொண்டான். "சுத்த சைவம் தம்பி" என்றார்கள். நாலு வாய் சாப்பிட்டதும் உதடு தடித்துவிட்டது, கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்தது, மூச்சு இழுத்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டு ராத்திரி வரைக்கும் படுக்க வைத்திருந்தார்கள். ரசத்தை நெய்யில் தாளித்திருக்கிறார்கள்! இதனால்தான் இந்தக் கட்டுரை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "பால் குடிச்சா எனக்கும் வயிறு உப்பும்" என்று நிறைய பேர் சொல்கிறார்கள். அது வேறு. பாலில் லாக்டோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்கும் நொதி உடம்பில் குறைந்துவிட்டால் வயிறு உப்பும், கலக்கும். தொந்தரவுதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. அலர்ஜி என்பது பாலில் உள்ள புரதத்தால் வருவது. கேசீன், வே என்று இரண்டு வகைப் புரதங்கள். உடம்பு அவற்றை எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. நெய் பெரும்பாலும் கொழுப்புதான் என்றாலும் அதிலும் துளி புரதம் ஒட்டிக்கொண்டிருக்கும். சிலருக்கு அந்தத் துளியே போதும். யாருக்காவது சாப்பிட்டவுடன் உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ "கொஞ்ச நேரம் பாக்கலாம்" என்று உட்காராதீர்கள். உடனே 108-க்கு போன் பண்ணுங்கள், இல்லை கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, எப்படிக் கேட்பது? பெயர் சொல்லாமல் பொருளைச் சொல்ல வேண்டும். "அண்ணா, நெய், வெண்ணெய், பால், தயிர், மோர் அஞ்சும் ஆகாது. இதுல எது இருக்கு?" என்று விரல் விட்டு எண்ணிக் கேளுங்கள். "நெய் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்று பதில் வரும், தயிர் இருந்தாலும்! அலர்ஜி உள்ளவர்கள் "சாப்பிட்டா மூச்சு அடைக்கும்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால், சர்வர் அண்ணா உள்ளே போய் மாஸ்டரையே கேட்டுவிட்டு வருவார். விருப்பத்துக்காகக் கேட்கிறோம் என்று நினைத்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இதை நாங்கள் பல தடவை பார்த்தோம்.

இப்போது இலைக்கு வருவோம். முழுச் சாப்பாட்டில் எது என்ன?

முதலில் பருப்பு, அதன் தலையில் ஒரு ஸ்பூன் நெய். கையை இலைக்கு மேலே வைத்து மறைத்தால்தான் தப்பிக்கலாம், ஏனென்றால் பரிமாறுகிறவர் கை நம் வாயை விட வேகம். பொரியலில் பெரும்பாலும் பயமில்லை, எண்ணெயும் தேங்காய்த் துருவலும்தான். கூட்டு அப்படியே. அவியல் என்றால் உஷார், தயிர் கட்டாயம். பச்சடி தயிர். மோர்க்குழம்பு பெயரிலேயே சொல்லிவிடுகிறது, நல்ல பிள்ளை. சாம்பாரில் சில இடங்களில் கடைசியில் நெய் விடுவார்கள், கேட்க வேண்டும். வத்தக்குழம்பு நல்லெண்ணெயில் கொதித்தது, அதுதான் எங்கள் நண்பனின் உயிர்த்தோழன். ரசம்தான் வில்லன்! நெய்யில் தாளித்தால்தான் வாசனை என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அப்பளம், ஊறுகாய் சரி. மோர் மிளகாய் அப்பளத்தோடு சேர்ந்து வரும், மிளகாய்தானே என்று கடிக்கக்கூடாது, மோரில் ஊறிக் காய்ந்தது அது. பாயசம் பெரும்பாலும் பால். தேங்காய்ப் பாலில் செய்த பருப்புப் பாயசமாக இருந்தாலும் முந்திரியை நெய்யில் வறுத்திருப்பார்கள்.

டிபன் பக்கம் கொஞ்சம் நிம்மதி. இட்லி அரிசியும் உளுந்தும்தான். மெதுவடை, மசால்வடை, இடியாப்பம், பூரிக்கிழங்கு எல்லாம் பொதுவாகச் சரி. இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெய் கேளுங்கள். நெய் ஊற்றினால் ருசி என்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு, மிளகாய்ப்பொடிக்கு நல்லெண்ணெய்தான் ஜோடி! வெண்பொங்கல் நெய் இல்லாமல் இல்லை, ஆகவே அருண்டேல் தெருவில் இருக்கிற ராயர் மெஸ்ஸுக்குப் போனால் பொங்கலை விட்டுவிட்டு இட்லி, வடை, கெட்டிச் சட்னி பக்கம் போங்கள். (கேட்டுவிட்டுத்தான். சில இடங்களில் தேங்காய்ச் சட்னியிலேயே தயிர் கலப்பார்கள்.) ரவா தோசை மாவில் பல கடைகளில் மோர் சேர்கிறது. சாதா தோசை சரிதான், ஆனால் நெய் ரோஸ்ட் வார்த்த அதே கல்லில்தான் வார்ப்பார்கள். வீகன் தோழிக்கு அது பரவாயில்லை என்கிறாள். அலர்ஜி நண்பனுக்குப் பரவாயில்லை கிடையாது. அவன் வெளியில் தோசையே சாப்பிடுவதில்லை, ஆவியில் வெந்ததுதான். பரோட்டா, நான், பட்டூரா மாவில் பாலோ தயிரோ முட்டையோ இருக்கலாம், தள்ளியே இருங்கள். தி.நகர் பக்கம் போனால் சைதாப்பேட்டை ரொம்ப தூரமில்லை, அங்கே புகழ்பெற்றது வடகறி. கடலைப்பருப்பு வடையை உதிர்த்துச் செய்த குழம்பு. கேட்டுப் பார்த்துச் சாப்பிட வேண்டிய நல்ல அயிட்டம்.

உண்மையைச் சொன்னால் பெரிய ஹோட்டலை விடத் தெருவில்தான் சுலபம். எலியட்ஸ் பீச்சில் தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல் இருக்கிறதே, அதை விட நல்ல வீகன் சாப்பாடு எந்த ஊரில் கிடைக்கும்? வேகவைத்த கடலை, மிளகாய் பஜ்ஜி, நுங்கு, பனங்கிழங்கு, இளநீர், கரும்புச்சாறு... எதற்கும் விசாரணை தேவையில்லை. பாண்டி பஜாரில் சோளத்துக்கு வெண்ணெய் தடவாமல் எலுமிச்சம்பழமும் மிளகாய்த்தூளும் தடவச் சொல்லலாம். கூழ் வண்டியில் மட்டும் மோர் ஊற்றிக் கரைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், கரைத்த பிறகு சொல்லிப் பயனில்லை. டீக்கடையில் சுக்கு காபி. மாட வீதிப் பக்கம் காளத்தி கடை ரோஸ்மில்க் மட்டும் தோழிக்கு இன்னும் ஏக்கம்தான். நன்னாரி சர்பத் குடித்து மனதைத் தேற்றிக்கொள்கிறாள்.

பெயரை வைத்து ஏமாறக்கூடாது என்பதற்கு இரண்டு உதாரணம். பெட்டிக்கடைத் தேன் மிட்டாயில் தேன் கிடையாது, சர்க்கரைப் பாகுதான். மதுரைப் பக்கத்துப் பருத்திப் பாலில் பால் கிடையாது, பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்தது. அதற்கு நேர்மாறு தீபாவளி லேகியம். மருந்துதானே என்று வாயில் போடுவோம், நெய்யும் தேனும் போட்டுக் கிளறுவது அது. கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடையில் மருந்துச் சாமான் வாங்கி வீட்டிலேயே கிளறுகிறவர்கள் நல்லெண்ணெயும் வெல்லமும் மட்டும் வைத்து முயற்சி செய்யலாம். இனிப்பில் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கமர்கட், பொரி உருண்டை கைவசம் இருக்கும்போது மைசூர்பாகு போனால் போகட்டும் என்பேன். (வீட்டில் அம்மா இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியம்.)

திருவிழாக் காலத்தில் தோழிக்குக் கொண்டாட்டம். நவராத்திரி ஒன்பது நாளும் வீட்டுக்கு வீடு சுண்டல். பங்குனியில் அறுபத்துமூவர் அன்று மாட வீதி முழுக்கப் பந்தல் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். நீர்மோர் பந்தலைத் தாண்டிப் பானகப் பந்தலுக்குப் போய்விடலாம். வெல்லம், சுக்கு, ஏலக்காய், தண்ணீர், வேறொன்றுமில்லை. கோயிலில் புளியோதரை கிடைத்தால் அதிர்ஷ்டம், சர்க்கரைப் பொங்கல் என்றால் பக்கத்தில் நிற்கிற பாட்டிக்கு அதிர்ஷ்டம்.

தோழியிடம் "பசு தானாத்தானே பால் குடுக்குது, அதுல என்ன பாவம்?" என்று கேட்டேன். அவள் திருப்பிக் கேட்டாள்: "கன்னு போடாம பசு பால் குடுக்குமா? பொறக்கிற காளைக்கன்னு எங்க போகுது?" முன்பு ஏர் இழுக்கும், வண்டி இழுக்கும். டிராக்டர் வந்த பிறகு அதற்கு வேலையில்லை. இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ஆனாலும் பாட்டி வீட்டு லட்சுமிப் பசுவை நினைத்தால் அவள் சொல்வதை முழுக்க ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை, வாக்குவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வாதம் நம் பகுதிக்குப் புதிதில்லை. அடையாரில் கலாக்ஷேத்ராவை 1936-ல் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். நாட்டியத்தைப் பற்றி மட்டும் பேசாமல், விலங்குகளை வதைப்பதைத் தடுக்க ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த முயற்சியின் பலன்தான் 1960-ன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அதன் 12-வது பிரிவு, அதிகப் பால் கறப்பதற்காகப் பசுவின் உடம்பைக் கெடுக்கும் முறைகளையும் ஊசிகளையும் குற்றம் என்கிறது. அந்தச் சட்டப்படி 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. அதன் தலைமையகம் 2018-ல் ஹரியானாவுக்கு மாறும் வரை நம் சென்னையில்தான் இருந்தது.

பாக்கெட் தின்பண்டம் வாங்கும்போது பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீர்கள். பச்சைப் புள்ளி சைவத்துக்கு, பால் பவுடர் இருந்தாலும் பச்சைதான். வீகனுக்கென்று பச்சை நிறத்தில் தனி முத்திரை ஒன்றை 2021-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது, ஆங்கில "வி" எழுத்தின் மேல் ஒரு இலை. அது இல்லாத பாக்கெட்டில் பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும். மில்க் சாலிட்ஸ், வே, கேசினேட், பட்டர், லாக்டோஸ் என்று எது இருந்தாலும் பால்தான். வனஸ்பதி (நம் டால்டா) தாவர எண்ணெயிலிருந்து வருவது. பால் இல்லை என்பதற்காக உடம்புக்கு நல்லது என்று அர்த்தமில்லை.

உயிரியல் ஆசிரியர் இதைப் படித்தால் கட்டாயம் கேட்பார்: கால்சியத்துக்கு என்ன பண்றது? பசும்பால் 100 மில்லியில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல், எள்ளில் அதைவிடப் பல மடங்கு. ஆகவே கேழ்வரகு அடையும் எள்ளுருண்டையும் அவர்கள் டிபன் பாக்ஸில் அடிக்கடி வரும். ஆனால் வைட்டமின் பி12 மட்டும் எந்தக் கீரையிலும் காயிலும் நம்பும்படி கிடைக்காது. குறைந்தால் ரத்தசோகை வரும், நரம்பு பாதிக்கும். அதனால் பால், முட்டை, கறி எதுவும் தொடாதவர்கள் டாக்டரைக் கேட்டு மாத்திரையோ, பி12 சேர்த்த உணவோ எடுத்தே ஆக வேண்டும். தோழி எடுக்கிறாள். "எங்க பாட்டி காலத்துல மாத்திரையா சாப்பிட்டாங்க?" என்பவர்களுக்கு: பாட்டி தினமும் தயிர் சாப்பிட்டார்கள்.

காபி இல்லாமல் இருக்க முடியாதவர்களுக்கு ஒரு குறிப்பு. சூடான டிகாஷனில் சோயா பாலை மொத்தமாக ஊற்றினால் திரிந்து போகும். பாலைச் சூடு பண்ணிக்கொண்டு, அதில் டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். வேர்க்கடலைப் பாலில் பச்சைமிளகாய்க் காம்பு போட்டுத் தயிர் உறைய வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தோழி வீட்டில் சாப்பிட்டுப் பார்த்தேன். தயிர்சாதத்துக்குப் பரவாயில்லை, தனியாகக் குடிக்கக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் ஆண்டு விழாச் சாப்பாடு எங்கள் வகுப்புப் பொறுப்பு. எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு கறி, வடை, அப்பளம், தேங்காய்ப் பாலில் பருப்புப் பாயசம். முந்திரியைத் தேங்காய் எண்ணெயில் வறுக்கச் சொல்லியிருக்கிறோம். தயிர்சாதம் உண்டு, கவலை வேண்டாம். ஆனால் அது வாசல் பக்கத்து மேஜையில் தனியாக இருக்கும். அந்தக் கரண்டியை மட்டும் தயவு செய்து இந்தப் பக்கம் எடுத்து வராதீர்கள்.