கடல் கடந்து கண்டதும் உண்டதும்

வெளிநாடு சென்று திரும்பியவர் வீட்டு வாயிலில் கால் வைத்ததும் அவரை எதிர்கொள்ளும் வினாக்கள் இரண்டு. "என்ன பார்த்தீர்கள்?" என்பது ஒன்று, "என்ன சாப்பிட்டீர்கள்?" என்பது மற்றொன்று. முதல் வினாவைப் பெரியவர்கள் கேட்பார்கள். இரண்டாவதைச் சிறுவர்கள் கேட்பார்கள். கேட்கும்போதே அவர்கள் பார்வை பெட்டியின் மீது இருக்கும். மும்பையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இக்காட்சி இன்று அரிதன்று. அண்மையில் நாங்களும் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் பத்து நாள் பயணம் சென்று வந்தோம். அவ்விரு வினாக்களுக்கும் அளித்த விடையையே இங்கு நேயர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம். ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு, நம்மினும் தொலைவு சென்று குடியேறிய தமிழரின் கதை ஓரளவு நம் கதையே ஆகும்.

சிங்கப்பூரில் எங்கள் கண்ணில் பட்ட முதற்காட்சி உயர்ந்த மாளிகைகளன்று. உள்ளங்கையில் அடங்கும் ஒரு நாணயமே. பொருள் வாங்கி மீதியாகப் பெற்ற அந்நாணயத்தில் "சிங்கப்பூர்" என்ற பெயர் தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அந்நாட்டின் ஆட்சிமொழிகள் என்பதை முன்பே அறிந்திருந்தோம். எனினும் அறிந்திருப்பது வேறு, கையில் எடுத்துப் பார்ப்பது வேறு. பக்கத்தில் நின்ற எங்கள் பிள்ளை, "நம் நாட்டுப் பணத்தில் தமிழ் இல்லையா?" என்று வினவினான். சட்டைப் பையிலிருந்த ரூபாய்த் தாளை எடுத்துத் திருப்பிக் காட்டினோம். அதன் பின்புறத்தில் பதினைந்து மொழிகள் அடங்கிய வரிசையில் தமிழும் இருக்கிறதன்றோ? நாள்தோறும் கையாளும் தாளை நாம் திருப்பிப் பார்ப்பதில்லை. அயல்நாட்டுப் பயணம் நமக்குச் செய்யும் முதல் நன்மை இதுதான்; வீட்டில் உள்ளதைக் காண அது கண் தருகிறது.

அடுத்து, சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குச் சென்றோம். 1819-ஆம் ஆண்டில் இராபிள்ஸ் துரையுடன் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வந்திறங்கிய நாராயண பிள்ளை என்னும் தமிழர் முன்னின்று எழுப்பிய கோயில் இது. 1827-இல் மரத்தாலும் ஓலையாலும் அமைந்த எளிய கட்டடமாகத் தொடங்கியது; இன்று கோபுரத்துடன் விளங்குகிறது. ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன்னர் இங்குத் தீமிதித் திருவிழா நடைபெறுகிறது. அதே சாலையில், சிறிது தொலைவிலேயே, சூலியா பள்ளிவாசல் உள்ளது. சோழ மண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களை அங்கே சூலியர் என்று அழைத்தனர். இக்கோயிலும் பள்ளிவாசலும் இன்று சீனர் பேட்டையின் நடுவே நிற்கின்றன. கோபுரத்தின் நிழலில் சீனர் கடைகளும், பள்ளிவாசலின் எதிரே பயணிகள் கூட்டமும் காணும்போது, ஒருவர் இடத்தை ஒருவர் பறிக்காமல் அருகருகே வாழ இயலும் என்னும் நம்பிக்கை பிறக்கிறது.

குடியேறிய மக்கள் முதலில் எவற்றை அமைக்கின்றனர் என்று எண்ணிப் பார்த்தோம். வழிபட ஓரிடம், பசியாற ஓரிடம், பிள்ளைகள் படிக்க ஓரிடம், பின்னர்க் கலைக்கு ஓரிடம். மாட்டுங்காவின் வரலாறும் இதுவே. தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கு 1932-இல் தோன்றியது. உடுப்பியைச் சேர்ந்த ராம நாயக் அவர்கள் மாட்டுங்கா நிலையத்தின் அருகே 1942-இல் தொடங்கிய சாப்பாட்டு விடுதி இன்றும் இலையிட்டுச் சோறு பரிமாறுகிறது. நடத்தியவர் கன்னட நாட்டவரேயாயினும், ஊரை விட்டு வந்து தனியறையில் தங்கிய தமிழ் எழுத்தர் பலருக்குத் தாய்வீட்டுச் சோற்றை நினைவூட்டியது அவ்விலைதான். சண்முகானந்த சபை 1952-இல் அமைந்தது; அதன் பேரரங்கம் 1963-இல் திறக்கப்பெற்றது. சிங்கப்பூரில் நூறாண்டுக்கும் மேலாக நடந்தது, மாட்டுங்காவில் சில பத்தாண்டுகளில் நடந்தேறியது எனலாம்.

இனிச் சுவையின் கதைக்கு வருவோம். சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில் தேக்கா என்று தமிழர் அழைக்கும் சந்தை இருக்கிறது. கீழ்த்தளத்தில் உணவங்காடி. முருங்கைக்காயும் வாழையிலையும் மல்லிகையும் ஒருபுறம்; சீனர் விற்கும் மீனும் கீரையும் மற்றொருபுறம். இத்தகைய உணவங்காடிகளின் மரபை 2020-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

அங்கே ஒரு கடையில் பரோட்டா தட்டுவதை நெடுநேரம் நின்று கண்டோம். சிங்கப்பூரில் அதற்குப் பிராட்டா என்று பெயர். மலேசியாவில் ரொட்டி சானாய் என்பர். மைதா மாவைப் பிசைந்து எண்ணெயில் ஊற வைக்கின்றனர். ஊறிய உருண்டையைத் தட்டி, விரித்து, காற்றில் வீசி, மெல்லிய துணிபோல் ஆக்குகின்றனர். பின்னர் அதை மடித்துக் கல்லில் இடுகின்றனர். மடிப்புகளுக்கிடையே எண்ணெயும் காற்றும் தங்குவதால் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிகின்றன. மொறுமொறுப்பின் காரணம் அதுவே. உடன் தருவது பருப்புக் குழம்போ மீன் குழம்போ.

அடுத்த கடையில் தே தாரிக். 'தே' என்பது தேநீர். 'தாரிக்' என்றால் மலாய் மொழியில் இழுத்தல். குறுக்கிய இனிப்புப் பால் கலந்த தேநீரை ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்குக் கை நீளம் உயரத் தூக்கி ஊற்றுகின்றனர். சூடு தணிகிறது, நுரை எழுகிறது. மாட்டுங்கா உணவகங்களில் டபராவுக்கும் டம்ளருக்கும் இடையே காப்பி ஆற்றும் கலையை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. நாம் ஆற்றுகிறோம், அவர்கள் இழுக்கிறார்கள், செயல் ஒன்றே.

பினாங்கில் நாங்கள் தேடிச் சென்று உண்டது நாசி காண்டார். 'நாசி' என்பது சோறு. 'காண்டார்' என்பது இருபுறமும் பாரம் தொங்கத் தோளில் சுமக்கும் காவடித்தண்டு. முன்னாளில் தமிழ் முஸ்லிம் வணிகர் தண்டின் ஒரு முனையில் சோற்றுப் பாத்திரமும் மறுமுனையில் குழம்புப் பாத்திரமும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்க்குக் கொண்டு சென்று விற்றனர். தண்டு மறைந்தது, பெயர் நின்றது. இன்று பெரிய கடைகளில் பலவகைக் குழம்புகளைச் சோற்றின் மீது கலந்து ஊற்றித் தருகின்றனர். அவ்வாறு கலப்பதில்தான் சுவை என்று பினாங்குவாசிகள் வாதிடுவர். இத்தகைய கடைகளுக்கு அங்கே மாமாக் கடை என்று பெயர். நம் 'மாமா' என்னும் உறவுச்சொல்லே அவ்வாறு ஆயிற்று என்பர்.

காவடித்தண்டைப் பற்றிக் கேட்டபோது எங்கள் நினைவு தாராவிக்குச் சென்றது. விடியுமுன் அங்குப் பல வீடுகளில் இட்லி வேகிறது. அலுமினியப் பாத்திரத்தில் இட்லியும் வடையும், தூக்கில் சட்னியும் சாம்பாருமாக மிதிவண்டியில் ஏற்றி, ரப்பர் ஊதுகொம்பை ஒலித்துக்கொண்டு, மும்பையின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்க்கின்றனர். அவ்வொலி கேட்டு இறங்கி வருபவர் குஜராத்தியராகவும் மராத்தியராகவும் இருப்பர். பினாங்குத் துறைமுகத்தில் தண்டு செய்த பணியை மும்பைத் தெருவில் மிதிவண்டி செய்கிறது. உழைப்பவனுக்கு மலிவாகச் சூடான உணவு வேண்டும். குடியேறி வந்தவனுக்குப் பிழைப்பு வேண்டும். இவ்விரு தேவைகளும் சந்திக்கும் இடத்திலேதான் ஓர் ஊரின் புகழ்பெற்ற உணவு பிறக்கிறது.

மொழியாக்கத் தொழிலில் உள்ள எங்கள் காது சொற்களையும் சேகரித்தது. மலாய் மொழியில் கடைக்குக் கெடாய், கப்பலுக்குக் கப்பால், பெட்டிக்குப் பெத்தி, கட்டிலுக்குக் காத்தில், மாம்பழத்துக்கு மெம்பெலாம். இடியாப்பத்தைப் புட்டு மாயம் என்ற பெயரில் தேங்காய்த்துருவலும் பனைவெல்லம் போன்ற கருஞ்சர்க்கரையும் சேர்த்து உண்கின்றனர். கப்பலேறிச் சென்ற தமிழன் பண்டத்தை மட்டும் கொண்டு செல்லவில்லை. பெயரையும் இறக்கி வைத்தான்.

தேக்காவில் முறுக்கு விற்ற மூதாட்டி ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு, "நீங்கள் எந்த ஊர்?" என்றார். மும்பை என்றோம். "அங்கே பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்களா?" என்று அடுத்துக் கேட்டார். எங்கள் பிள்ளை தமிழ் பேசுவான்; எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவான். சிறிது நேரம் விடை கூற இயலாது நின்றோம். அவரே தொடர்ந்தார்: "இங்கே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஐயா. ஆனாலும் என் பேரப்பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறார்கள்." நாணயத்தில் எழுத்து உண்டு, பள்ளியில் பாடம் உண்டு, 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழ் இன்றும் வெளிவருகிறது. அவ்வளவும் இருந்தும் அம்மூதாட்டிக்கு அக்கவலை. மும்பையில் மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. எனினும் நம்மில் பலர் பிள்ளைகளை அங்கு அனுப்புவதில்லை. நாங்களும் அனுப்பவில்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்கலாம் என்று எண்ணினோம். அலுவலும் தொடர்வண்டிப் பயணமும் போக, நாள் கழிந்துவிட்டது.

திரும்பியபின் பெட்டியைத் திறந்தோம். அதில் பெரிய பொருள் ஏதுமில்லை. முறுக்கு ஒரு பொதி, அன்னாசிப் பணியாரம் ஒரு டப்பா, 'குலா மெலாக்கா' என்னும் கருஞ்சர்க்கரைக் கட்டி நான்கு. தாராவியில் வாழும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் எங்கள் குடும்ப நண்பர். அவரிடம் ஒரு கட்டியைக் கொடுத்து, "அங்கத்திக் கருப்பட்டி" என்றோம். அவர் அதை முகர்ந்தார். ஒரு துண்டை உடைத்து வாயிலிட்டார். "இது பனை இல்லை, தென்னை" என்றார். அவர் கூறியது சரியே. அந்நாட்டில் தென்னம்பாளையின் நீரைக் காய்ச்சித்தான் அதனைச் செய்கின்றனர். ஐம்பது ஆண்டுகளாகத் தாராவியில் வாழ்பவரின் நாவில் உடன்குடிப் பனங்காடு இன்னும் அழியாதிருப்பதைக் கண்டோம். பக்கத்திலிருந்த அவர் பேத்தி, "பனை என்றால் எப்படி இருக்கும், தாத்தா?" என்று இந்தியில் கேட்டாள். அவர் தமிழில் விடை கூறத் தொடங்கினார். மரத்தின் உயரம், ஏறுபவரின் இடுப்பிலுள்ள அரிவாள், சுண்ணாம்பு தடவிய கலயம், பதநீர், அடுப்பு, அச்சு வார்க்கும் சிரட்டை என்று அவர் சொல்லி முடிக்க ஒரு மணி நேரமாயிற்று. சிறுமி எழுந்து போகவில்லை. இடையிடையே அவள் கேட்ட கேள்விகள் மெல்ல மெல்லத் தமிழுக்கு மாறின.

நேயர்களே, சுவை தானே நிலைக்கும். அதற்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சொல் அவ்வாறன்று, ஒருவர் சொல்லவும் மற்றொருவர் கேட்கவும் வேண்டும். ஆகவே, வெளிநாடு சென்று வருவோர் பண்டத்தைப் பங்கிடும்போது அதன் கதையையும் தமிழில் பங்கிடுவது நலம். அயல்நாடு செல்ல வாய்ப்பில்லையே என வருந்த வேண்டா. செம்பூரிலிருந்து மாட்டுங்காச் சந்தைக்கு ஒரு ஞாயிறு காலை பிள்ளைகளுடன் சென்று வந்தாலும் போதும். எங்கள் வீட்டு அடுக்களையில் இப்போது டப்பாக்களின் மீது ஒட்டிய தாள்களில் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. எழுதியவன் எங்கள் பிள்ளை. "முறுக்கு" என்பதில் வல்லின றகரத்துக்குப் பதில் இடையின ரகரம் இட்டிருக்கிறான். அதைத் திருத்திவிட்டு, அடுத்த டப்பாவை அவன் கையில் கொடுத்திருக்கிறோம்.