பிளஸ் டூ முடித்ததும் கடற்படை அதிகாரி

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படிக்கும் மாணவ மாணவியரே! இந்தியக் கடற்படையில் அதிகாரியாக உங்களுக்கு நல்ல வழி உண்டு. அதற்கான தேசியப் பாதுகாப்பு அகாடமி நுழைவுத் தேர்வை யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு 2 முறை நடத்துகிறது. தேறினால் அடுத்தது, படைப் பணிகள் தேர்வு வாரியம் (எஸ்.எஸ்.பி.) நடத்தும் 5 நாள் தேர்வு. மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். 4 நிமிடத்தில் அதற்குக் கதை எழுத வேண்டும். கயிறும் பலகையும் கொடுத்து, குழுவாகத் தடைகளைத் தாண்டச் சொல்வார்கள். இங்கே மனப்பாடம் கைகொடுக்காது. மற்றவர்களை அரவணைத்துச் சட்டென்று முடிவெடுப்பவர்களே முன்னுக்கு வருவார்கள். தேர்வானால் புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் 3 ஆண்டு, பிறகு கேரளத்தின் ஏழிமலையில் பயிற்சி. பயிற்சிச் செலவு அரசுடையது. 2022 முதல் பெண்களும் கடக்வாஸ்லா அகாடமியில் சேர்கிறார்கள். ஆர்வமுள்ளவர்கள் பதினொன்றாம் வகுப்பிலேயே தயாராகத் தொடங்குங்கள், வெற்றி உங்களுக்கே!